மிச்சமிருக்கும் ஒன்றை விசாரிக்கும் வேலை

மற்ற தொழில்களில் வாடிக்கையாளர் திரும்பி வந்தால் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று பொருள்; எங்கள் தொழிலில் ஆள் வராமல் போனால் அவர் நன்றாக இருக்கிறார் என்று பொருள், அல்லது அவர் இல்லை என்று பொருள். இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வடசென்னையில் ஒரு மருத்துவமனை. புற்றுநோய்க்காகச் சிறுநீரகம் எடுக்கப்பட்டவர்கள், சொந்தக்காரருக்குத் தானமாகக் கொடுத்தவர்கள் என்று ஒற்றைச் சிறுநீரகத்தோடு வீட்டுக்குப் போனவர்களுக்கெல்லாம் நான் போன் செய்வேன். எப்படி இருக்கிறீர்கள், தண்ணீர் குடிக்கிறீர்களா, பரிசோதனைக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்பேன். இதற்காக நான் தனியாக எதுவும் படிக்கவில்லை. எனக்கும் இடது பக்கத்தில் கட்டி வந்து, சிறுநீரகத்தோடு சேர்த்து எடுத்தார்கள். சொன்ன நாளில் தவறாமல் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்துப் பார்த்துப் பழகிய டாக்டர் ஒரு நாள், "எப்படியும் இங்கேதானே இருக்கிறீர்கள், வேலையாகவே பார்த்துவிடுங்களேன்" என்றார். அப்படி வந்தவன்.

ஒன்றை இழந்து ஒன்றோடு நடமாடும் வாசகர்களே, நம்மைப் பற்றி ஊருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பாதி உடம்பு போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. மீன்பாடி வண்டியை இரண்டு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் போய்விட்டார். மற்றவர் கொஞ்சம் உடம்பைத் தேற்றிக்கொண்டு தனியாகத் தள்ளுகிறார் அல்லவா? அதேபோல மிச்சமிருக்கும் சிறுநீரகம் சற்றுப் பெரிதாகி, இரண்டு பேர் வேலையையும் ஏறக்குறையப் பார்த்துவிடும். நாம் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். கெடுக்கிற வழிதான் ஆளுக்கு ஆள் வேறு.

கேன் நிறைய

வியாசர்பாடியிலிருந்து தங்கவேலு என்று ஒரு பெரியவர் வருவார். அறுவை சிகிச்சை முடிந்து நன்றாகத் தேறிவிட்டார். ஒரு நாள் முழுவதும் போகும் சிறுநீரை ஒரு கேனில் பிடித்துக் கொண்டுவர வேண்டும் என்று நம் எல்லோருக்கும் ஒரு பரிசோதனை உண்டல்லவா, அது அவருக்கு வந்தது. காலையில் முதலில் போவதை விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. இதைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கேனைக் கொடுத்தேன். தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

ஆட்டோவில் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி கேனைக் கொண்டுவந்தார். கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது. ரிசல்ட் வந்ததும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். "இந்த ரிப்போர்ட்டின்படி இவருக்கு மூன்று சிறுநீரகம் இருக்க வேண்டும்" என்றார். எங்கள் பிரிவின் நர்ஸ் சிஸ்டர் ரெஜினா ராயபுரத்துக்காரர். என் மேசைக்கு எதிர் மேசை. அவர்தான் பெரியவரை ஓரமாக அழைத்துப்போய் விசாரித்தார். ஒளிக்க எதுவும் இல்லாதவராக அவர் சத்தமாகவே சொன்னார்: "இம்மாம் பெரிய கேனக் குடுத்துட்டு அரைக் கேன் கொண்டாந்தா நல்லாவா கீது சிஸ்டர்? அதான் வூட்ல எல்லாரையும் ஆளுக்கொரு கை குடுக்கச் சொன்னேன்."

செவ்வாயும் வெள்ளியும்

சிறுநீரகம் வாங்கியவர்கள் எங்களிடம் செவ்வாய்க்கிழமை வருவார்கள். கொடுத்தவர்கள் வெள்ளிக்கிழமை. வாங்கியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை உண்டு. யார் தும்மினாலும் அவர்களுக்கு ஆபத்து. அதனால் தனி நாள். சரியான ஏற்பாடுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை மனைவி, மைத்துனன், பிளாஸ்க், ஆரஞ்சு என்று பெஞ்சு நிறைந்திருக்கும். வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் தனியாக வருவார்கள். கொடுத்தவரை யாரும் கூட்டிக்கொண்டு வருவதில்லை. அவர்தான் நன்றாக இருக்கிறாரே!

தேசம்மா வெள்ளிக்கிழமைக்காரர். விடியும் முன்னே காசிமேட்டில் ஏலம் எடுத்து, ராயபுரத்தில் ஒரு தெருவோரம் மத்தியானம் தாண்டும் வரை உட்கார்ந்து மீன் விற்பவர். தம்பி ரவிக்குக் கொடுத்தார். ரவி துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்குப் பார்க்கிறவர். அவருக்கு வைத்தது நன்றாக ஒட்டிக்கொண்டது. கன்னம் கூட உப்பிவிட்டது. ஒவ்வொரு செவ்வாயும் கூட்டம் கலையும் வரை காத்திருந்து, "அக்கா எப்டி கீது சார்?" என்று என்னிடம் கேட்பார். "ஏதோ காய்ச்சல் என்றார், நீங்களே கேளுங்களேன்" என்பேன். செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அக்கா நன்றாக இல்லை. முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு நீர்க்கடுப்பு வந்தது. காய்ச்சல் வந்தது. மருந்தில் போயிற்று; திரும்பி வந்தது. ரத்தத்தில் சேரும் கழிவின் அளவை கிரியாட்டினின் என்று சொல்வார்கள். சிறுநீரகம் சோர்ந்தால் அது ஏறும். தேசம்மாவுக்கு அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. "இப்படியே போனால் கொடுத்தவர் ஒரு நாள் வாங்குகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டால் தேசம்மா குடிக்கிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். ஒன்று போனால் மற்றது எப்படிப் பெரிதாகிறது, அதை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று படம் போட்டு விளக்கினேன். படத்தை நன்றாக உற்றுப் பார்த்தார். என் பெயர் அவர் வாயில் நுழைந்ததே இல்லை. நான் அவருக்குப் போன் சார்தான். "ஒன்னு காலி பண்ணிகினு பூட்ச்சி, இன்னொன்னு ஆளில்லாத வூட்ல காலை நீட்டி பட்த்துகிச்சின்னு சொல்லு, போன் சார்" என்றார்.

எனக்கு நானே

போன் செய்ய வேண்டியவர்களின் பெயர் காலையில் கம்ப்யூட்டரில் வரும். வருடத்துக்கு ஒரு நாள் அதில் என் பெயர் வரும். பேசியாயிற்று என்று பதிவு செய்யாவிட்டால் அது போகாது. சிவப்பாக நின்றுகொண்டே இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது, மேசைப் போனை எடுத்து என் செல்போனுக்கு அடிப்பதா, வேண்டாமா என்று உண்மையாகவே யோசித்தேன்.

தனி ஆளாக இருப்பதில் மருத்துவ முறையில் ஒரு வசதி உண்டு. யார் வீட்டு உப்பு, யார் வைத்த குழம்பு என்று தேட வேண்டாம். டாக்டர் கேட்கும் கேள்விக்கெல்லாம் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கும். குறுக்கே பேசி அதைத் திருத்த யாரும் கூட வருவதில்லை. அந்த வருடம் எனக்கும் கேன் கொடுத்தார்கள். முக்கால் கேன்தான் வந்தது. அப்படியே கொண்டுபோய் வைத்தேன். சிஸ்டர் ரெஜினா அதன்மேல் என் பெயரை எழுதி ஒட்டிவிட்டு, சிரிக்காமல் சொன்னார்: "இங்க வர்றதுல உங்க கேன் ஒன்னுலதான் சார் கலப்படத்துக்கு வழியே இல்ல."

திட்டலாம் என்று ஒரு சான்று

எண்ணூரில் துறைமுகத்துப் பக்கம் கிரேன் ஓட்டும் பாஸ்கருக்கு வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுக்கப்போய், வலிக்குச் சம்பந்தமே இல்லாமல் சிறுநீரகத்தில் கட்டி தெரிந்தது. எடுத்தார்கள். சீக்கிரமே பிடித்துவிட்டதால் வேறெங்கும் பரவவில்லை. மறு ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். போனில் கேட்டால், நல்லா கீறேன் சார் என்று உடனே வைத்துவிடுவார். அதனால் அவரை நலமானவர்கள் கணக்கில் சேர்த்து மறந்திருந்தேன்.

ஒரு நாள் நேரில் வந்தார். முகத்தில் சதை வற்றியிருந்தது. பசி இல்லையா என்றேன். பசி இருக்கிறதாம். சாப்பிடப் பிடிக்கவில்லையாம். முன்னெல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இவர் டப்பாவைத்தான் எல்லோரும் பிடுங்குவார்கள். இவர் இறங்கிவர ஒரு நிமிடம் தாமதமானால் கீழேயிருந்து குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார்கள். இப்போது இவர் வந்தால் நகர்ந்து இடம் விடுகிறார்கள். டப்பாவைத் திறந்து கொடுக்கிறார்கள். கேலிப் பேச்சு எதுவும் பேசுவதில்லை. முன்பு மாமு என்று தோளில் அடித்தவன் இப்போது அண்ணா என்கிறான். டாக்டரிடம் சொல்லி இன்னொரு சான்றிதழ் வாங்கித் தரட்டுமா, முழு நலம் என்று தெளிவாக எழுதச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "நல்லா கீறேன்னுலாம் எய்த வேணாம் சார்" என்றார் பாஸ்கர். "இவன திட்டலாம்னு ஒரு வரி எய்திக் குடுக்கச் சொல்லு, போதும்."

கல்லுப் பிள்ளையார்

வயிற்றில் ஸ்கேன் எடுக்கும் முன் நம்மை என்ன பாடு படுத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஸ்கேன் அறை வாசலில் ஒரு சபையே நடக்கும். ஒருவர் காலை மாற்றி மாற்றிப் போடுவார். ஒருவர் சுவரில் இருக்கும் அறிவிப்பை உரக்கப் படிப்பார். இன்னொருவர் கதவைத் தட்டி, உள்ளே இருப்பவருக்கு மனசாட்சி இல்லையா என்று கேட்பார்.

அன்று மின்சாரம் போய் ஸ்கேன் வெகுநேரம் தாமதமாயிற்று. எல்லோரும் கழிப்பறைக்கு ஓடிவிட்டார்கள். தேசம்மா மட்டும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அதே இடத்தில் அசையாமல் இருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ஸ்கேன் எடுக்கும் பெண் வெளியே வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கீங்க!" என்றார். நானும் வியந்து, எப்படி முடிகிறது என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். தேசம்மாவும் விளையாட்டாகத்தான் பதில் சொன்னார். ஆனால் அதைக் கேட்டதும் சிஸ்டர் ரெஜினாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை நாள் டாக்டர் தேடிக்கொண்டிருந்த காரணம் அந்தப் பெஞ்சில் கிடைத்துவிட்டது. தேசம்மா சொன்னது இதுதான்: "ஆப்ரேசனுக்கு அப்பாலதான் சார் இது பழக்கமாச்சி. வூட்டாண்ட போய்தான் ஒன்னுக்கு போறது. வராம இருக்கோசரம் அதுவரிக்கும் தண்ணி குடிக்கறதில்ல."

பாதி அடக்கம்

அந்த வெள்ளிக்கிழமைப் பெஞ்சில் தேசம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் காதர் பாய். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை. மகனுக்குக் கொடுத்தார். மகன் சில வருடங்கள் நன்றாக இருந்தான். கல்யாணப் பேச்சுகூட எடுத்தார்கள். பிறகு ஒரு காய்ச்சல் நெஞ்சில் இறங்கி அவனைக் கொண்டுபோய்விட்டது. அந்தச் செய்தி எனக்குத் தெரியாமல், வழக்கம்போலப் போன் செய்து, "மகன் எப்படி இருக்கிறார் பாய்?" என்று கேட்டவன் நான். அடக்கம் முடிந்த மறுநாள். வெள்ளிக்கிழமை வரணுமா சார், என்றார்.

வந்தார். அதன்பின் ஒரு வருடமும் தவறவில்லை. ரத்தம் கொடுப்பார், அழுத்தம் பார்ப்பார், நல்லபடியாக இருக்கிறது என்று சொன்னால் ஒரு நல்ல செய்தியை யாரிடம் சொல்வது என்று தெரியாதவர்போலச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார். ஒரு தடவை நான் அவரிடம், இவ்வளவு ஒழுங்காக வருகிறவர் நீங்கள் ஒருவர்தான் பாய் என்று சொன்னேன். பாராட்டாகத்தான் சொன்னேன். பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பாதிய என் கையால அடக்கம் பண்ணிட்டேன் சார். மீதிய நீங்க பத்திரமா வெச்சிருக்கச் சொல்றீங்க, வெச்சிருக்கேன்" என்றார்.

எழுந்து நிற்கிறவர்கள்

தேசம்மா விஷயத்தில் எனக்கு ஒன்று புரியவில்லை. அவர் அதே தெருவில் நெடுங்காலமாகக் கடை போடுகிறவர். முன்பு இல்லாத பழக்கம் ஆப்பரேஷனுக்குப் பிறகு ஏன் வந்தது? போனில் கேட்டால் வியாபாரச் சத்தத்தில் நழுவிவிடுவார். ஆகவே ஒரு விடுமுறை நாளில் நேரிலேயே போனேன். சங்கரா மீனும் காரப்பொடி மீனும் பரப்பியிருந்தார். பக்கத்தில் ஒரு குடம். அதிலிருந்து கை நிறைய அள்ளி மீன்மேல் தெளித்துக்கொண்டே இருந்தார். வெயில் ஏற ஏற மீனுக்குத் தண்ணீர் கிடைத்தது. அவர் உதடு வெடித்திருந்தது. அதைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நாலு வீடு தள்ளி ஒரு பச்சைக் கதவைக் காட்டினார்.

"அதான் எங்கம்மா வூடு. இப்ப ரவி கீறான். முன்னாடிலாம் ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி போவேன், வருவேன்! சட்டில சோறு இருந்தா துன்னுட்டு வருவேன். மீன் கையோட சொம்பத் தொடாதன்னு அவன் கத்துவான். கக்கூஸ்ல இன்னா பண்ணிகினு கீறேன்னு கதவத் தட்டுவான். நானும் கத்துவேன். ஆப்ரேசன் ஆயி மொதவாட்டி போனேன் சார். உள்ள கால வெச்சேன். துன்னுகினு இருந்தவன் தட்ட வெச்சிட்டு எந்திரிச்சான். பொண்டாட்டி எந்திரிச்சா. புள்ளிங்க எந்திரிச்சிச்சிங்க. சேர தொடச்சிப் போட்டு, உக்காருங்க அண்ணின்றா. அவ என்ன வாங்கன்னு கூப்ட்டதே கெடயாது சார். நான் கெளம்பற வரிக்கும் ஒருத்தரும் உக்காரல. அடுத்த வாட்டியும் அதேதான். எதுர் வூட்டுக்காரி வாசல்லயே சொல்றா, குடுத்தவ பாக்க வந்துட்டா பாருன்னு. அத்தோட நின்னுட்டேன்."

இவ்வளவு தூரம் கேட்ட பிறகும், நான் ஒரு மருத்துவமனைக்காரனின் புத்தியோடு, அவர்கள் மரியாதை கொடுத்தால் கொடுக்கட்டும், நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டு வரலாமே, உங்கள் சிறுநீரகம் அல்லவா பாழாகிறது என்றேன். ரவியிடம் நான் பேசட்டுமா என்றும் கேட்டேன். அவன் காதில் இது விழவே கூடாது என்று என் கையில் அடித்து, மீன் வாசனையோடு, சத்தியம் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு சொன்னார்: "சாமி வந்தா மாதிரி நிக்குதுங்க சார் எல்லாம். எந்த சாமி சார் கக்கூஸ் போய்ட்டு வந்துர்றேன்னு சொல்லும்?"

ஒரே பெஞ்சு

சத்தியத்தை நான் மீறவில்லை. தேசம்மாவின் அடுத்த ஸ்கேனைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினேன், அவ்வளவுதான். காய்ச்சல் இல்லாத வாரமாகப் பார்த்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முகக்கவசம் மாட்டி உட்காரவைத்தோம். ரவிக்கும் அன்று ஸ்கேன். அவர் வந்து அக்காவைப் பார்த்ததும், எதிர்பார்த்தபடி, நின்றார். சிஸ்டர் ரெஜினா இருவர் கையிலும் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரைத் திணித்து, "ரெண்டு பேரும் குடிச்சிட்டு உக்காருங்க, நின்னா ஸ்கேன் கெடயாது" என்று மிரட்டினார். அப்படி ஒரு விதி எங்கள் மருத்துவமனையில் இல்லை. பெஞ்சின் இந்தக் கோடியில் அக்கா, அந்தக் கோடியில் தம்பி. நடுவில் மூன்று பேர் உட்காரலாம்.

நான் என் மேசையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ரவி நெளிய ஆரம்பித்தார். எழுந்தார், உட்கார்ந்தார், சுவரைப் பார்த்தார். கடைசியில் ஓடியே போய்விட்டார். திரும்பி வந்தபோது தேசம்மா முகக்கவசத்துக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். "சின்ன வயசுல பாய நனைச்சவன்தான நீ! கிட்னி மாத்தியும் உன் புத்தி மாறல பாரு!" ரவிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீ மட்டும் எப்டிக்கா இடிச்சப்புளி மாரி குந்திகினு கீற?" என்றார். சிரித்துக்கொண்டே இருந்த தேசம்மா சிரிப்பை நிறுத்தாமலே சொல்லிவிட்டார்: "டெய்லி அடக்கிகினுதானடா கீறேன். எங்க போறது? உன் வூட்டுக்கா? நீ சோத்த வெச்சிட்டு எந்திரிப்ப."

ரவி அதைப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆயிற்று. நீர்க்கடுப்பு, காய்ச்சல், ஒவ்வொரு செவ்வாயும் என்னிடம் கேட்டு வாங்கிப்போன அரைகுறைப் பதில்கள் எல்லாம் ஒன்று சேர்ந்தன போலும். முகத்தை மூடிக்கொண்டார். "நீ குடுத்தத வயித்துல வெச்சிகினு உன் எதுருல எப்டிக்கா உக்காந்து துன்றது?" என்றார். பெஞ்சில் இருந்த மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். தேசம்மா நடுவில் இருந்த இடத்தைத் தாண்டவில்லை. கையையும் நீட்டவில்லை. ஸ்கேன் அறையில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, போகிற போக்கில் சொன்னார்: "உக்காந்து துன்றதுக்குத்தான்டா குடுத்தேன், பேமானி."

போன் அடித்தது

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தேசம்மா வரவில்லை. போன் அடித்தேன்; எடுக்கவில்லை. மத்தியானமும் எடுக்கவில்லை. எங்கள் தொழிலில் ஆள் வராவிட்டால் இரண்டு பொருள் என்று முதலிலேயே சொன்னேன். காதர் பாய் தன் பக்கத்து இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்று வீட்டுக்குப் போய்ச் சாதம் வடித்துவிட்டு, அந்தத் தெரு வழியாகப் போய்ப் பார்க்கலாமா என்று சட்டையை மாட்டினேன். என்ன சொல்லிக்கொண்டு போவது? கழற்றினேன்.

மறுநாள் மேசையில் இருந்தபோது என் செல்போன் அடித்தது. நான்தான் எல்லோருக்கும் அடிப்பேன். என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அதனால் அது என்னுடையதுதானா என்று ஒரு கணம் சந்தேகம். தேசம்மா. வெள்ளிக்கிழமை காசிமேட்டில் வழக்கத்தைவிட நிறைய மீன் எடுத்துவிட்டாராம். போட்ட மீன் விற்றுத் தீரவில்லையாம். செவ்வாய்க்கிழமை வரட்டுமா என்று கேட்டார். பிறகு அவர் வந்தபோது பார்த்தோம், காய்ச்சல் திரும்பி வரவில்லை. நீர்க்கடுப்பு இல்லை. அப்போது எடுத்த ரத்தத்தில் கிரியாட்டினின் இறங்கவில்லை, ஆனால் ஏறவும் இல்லை. இந்த இடத்தில் நிறுத்திவைத்தாலே பெரிய காரியம் என்றார் டாக்டர். அன்று போனில் அது எனக்குத் தெரியாது. அதனால் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். தண்ணீர் குடிக்கிறீர்களா?

"ஐய, குடம் குடமா குடிக்கறேன்! பச்சக் கதவ இப்பலாம் தாப்பா போடறதில்ல. நான் போறேன், அவன் பொண்டாட்டி டிவி பாத்துகினு கீறா, தலய கூட திருப்பல சார். புள்ளிங்க பாட்டுக்கு படுத்துகினு கீதுங்க." குரல் இறங்கியது. யாருக்கும் கேட்கக் கூடாத ரகசியம்போல, ஆனால் தெருவுக்கே கேட்கும்படி, சொன்னார்: "நேத்து நான் உள்ள கீறேன், கதவ தடதடன்னு தட்டி, 'செத்துட்டியா உள்ள, நான் வேலைக்குப் போ வேணாவா'ன்னு கத்தறான் சார், என் தம்பி!"

ஒற்றைச் சிறுநீரகத்தோடு நன்றாகவே வாழலாம் என்று நான் எல்லோருக்கும் போனில் சொல்வது முழு உண்மைதான், என் வீட்டுக் குளியலறைக்கு மட்டும் நான் தாழ்ப்பாள் போடுவதில்லை, தட்ட ஆள் இல்லாத கதவுக்கு அது எதற்கு?